எர்லி டிசிஷன், எர்லி ஆக்‌ஷன்: ஒரே சமயத்தில் எத்தனை கல்லூரிக்குப் போடலாம்?

தங்கச்சிமடம்_அக்கா
தம்பி பிளஸ் டூ, மாநிலப் பாடத்திட்டம். அமெரிக்காவில் இளநிலைப் படிப்புக்கு நவம்பர் 1 கெடுவுக்குள் விண்ணப்பிக்கப் போகிறான். அப்பாவுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது, அதுதான் வருமானம். உதவித்தொகை முழுசாகக் கிடைத்தால்தான் அனுப்ப முடியும். அவன் பட்டியல்: டார்ட்மவுத், ஆம்ஹெர்ஸ்ட் இரண்டுக்கும் எர்லி டிசிஷன், பிரின்ஸ்டனுக்கும் இல்லினாய் அர்பானா-ஷாம்பெயினுக்கும் எர்லி ஆக்‌ஷன். நாலையும் சேர்த்துப் போடலாமா? இரண்டு இடத்தில் டிசிஷன் போட்டால் அவர்களுக்கு எப்படித் தெரியும் என்கிறான்.

கீழக்கரை_காக்கா
நாலும் சேராது தங்கச்சி.

எர்லி டிசிஷன் என்பது ஒப்பந்தம். இடம் கொடுத்தால் கட்டாயம் சேருவேன், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெறுவேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி மூவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அதனால் ஒரு சமயத்தில் ஒன்றுதான். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளத்தில் இருக்கும் அந்த ஒப்பந்தத்திலேயே, மாணவர் பெயரையும் ஒப்பந்தத்தையும் கல்லூரி மற்ற கல்லூரிகளோடு பகிரலாம் என்று எழுதியிருக்கிறது. பிடிபட்டால் இரண்டு இடமும் போகும். பள்ளியின் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பும் போகும்; அடுத்த வருஷம் அங்கிருந்து விண்ணப்பிக்கிற பிள்ளைகளைத்தான் அது பாதிக்கும். தயவுசெய்து அந்த யோசனையை விடச் சொல்லுங்கள்.

எர்லி ஆக்‌ஷனில் கட்டாயம் இல்லை. எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் போட்டு, மே 1 வரை யோசித்துப் பதில் சொல்லலாம். ஆனால் பிரின்ஸ்டன், ஹார்வர்ட், யேல், ஸ்டான்ஃபோர்ட் நான்கும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. அங்கே முன்சுற்றில் போட்டால், வேறு எந்தத் தனியார் கல்லூரிக்கும் டிசிஷனோ ஆக்‌ஷனோ போடக் கூடாது. கட்டாயமில்லாத சுற்றில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும், அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பல்கலைக்கழகங்களுக்கும் போடலாம்.

ஆகத் தம்பிக்கு இரண்டு வழி. ஒன்று, டார்ட்மவுத் அல்லது ஆம்ஹெர்ஸ்டுக்கு டிசிஷன், கூடவே இல்லினாய். இன்னொன்று, பிரின்ஸ்டனும், அரசுப் பல்கலைக்கழகமான இல்லினாயும். டார்ட்மவுத், ஆம்ஹெர்ஸ்ட், பிரின்ஸ்டன் முடிவு டிசம்பர் நடுவில் வரும். இடம் கிடைக்காவிட்டால் ஜனவரித் தொடக்கத்தில் இரண்டாம் சுற்று டிசிஷன் வைத்திருக்கும் கல்லூரி ஒன்றுக்குப் போடலாம். அது விதிக்கு உட்பட்டதுதான். சில டிசிஷன் கல்லூரிகள் வெளி ஆக்‌ஷனையும் தடுக்கின்றன, ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்தையும் தனியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மண்டபம்_கரை
காக்கா சொன்ன விதி சரி. ஆனால் இந்த வீட்டுக்கு விதியைவிடப் பணம்தான் முதல் கேள்வி. இல்லினாய் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு வருமானம் பார்த்துத் தரும் உதவி கிடையாது. இடம் கிடைத்தும் போக முடியாது. அந்த விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள்.

டார்ட்மவுத், ஆம்ஹெர்ஸ்ட், போடின், பிரின்ஸ்டன் ஆகியவை வெளிநாட்டு மாணவரிடமும் பணவசதி பார்க்காமல் இடம் கொடுத்து, தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. டிசிஷன் போடுவதென்றால் இப்படிப்பட்ட இடத்தில் மட்டும் போடுங்கள். கொடுத்த உதவி போதாமல் சேரவே முடியவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். முறையான வாசல் அது ஒன்றுதான். அதற்கு ஆரம்பத்திலேயே உதவித்தொகைக்கும் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

உதவித்தொகைக்காகக் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் காட்டும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் படிவத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொகையை ரூபாயிலேயே போடுங்கள். படகு தொழில் சொத்து. அதன் இன்றைய விலையையும் அதன் மேல் உள்ள கடனையும் தனித்தனியாகக் காட்டுங்கள். நல்ல மாதம் ஒன்றை எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கிவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், புயல் எச்சரிக்கையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடைக்காத நாட்கள் எல்லாவற்றையும் கழித்து, டீசல், ஐஸ், ஆட்களின் பங்கு போக மிஞ்சுவதுதான் வருமானம். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழில் உள்ள தொகையும் இதுவும் ஒத்துப்போகாவிட்டால் காரணத்தை ஒரு பக்கக் கடிதமாக இணைத்துவிடுங்கள். விளக்கமில்லாத வித்தியாசம்தான் சந்தேகத்தைக் கிளப்பும். படிவக் கட்டணம் முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 16. கட்ட முடியாதென்றால் கல்லூரியின் உதவித்தொகை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், சிலர் விலக்கோ மாற்றுப் படிவமோ தருவார்கள்.

தங்கச்சிமடம்_அக்கா
நன்றி அண்ணே, நன்றி காக்கா. அப்படியென்றால் பிரின்ஸ்டனா டார்ட்மவுத்தா என்று அவனே முடிவு செய்யட்டும். டிசிஷன் போட்டால் இங்கே பொறியியல் கலந்தாய்வுக்குத் தடையா? பள்ளியில் என்னென்ன வாங்க வேண்டும்?

ராம்நாடு_முதுகலை_ஆசிரியர்
தடை இல்லைம்மா. டிசம்பரிலேயே முடிவு வந்துவிடும். கலந்தாய்வுப் பதிவு பொதுத்தேர்வு முடிந்து மே மாதத்தில்தான்.

பள்ளியில் 9, 10, 11 மதிப்பெண் பட்டியலோடு பிளஸ் டூ காலாண்டுத் தேர்வு மதிப்பெண்ணும் வாங்குங்கள். நவம்பர் 1க்குள் கையில் இருக்கும் கடைசி மதிப்பெண் அதுதான். அரையாண்டு மதிப்பெண்ணை இடையாண்டு அறிக்கையாகப் பிறகு அனுப்ப வேண்டியிருக்கும். காலாண்டு விடைத்தாளைத் திருத்தி முடித்ததுமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். காமன் ஆப்பில் கவுன்சிலர் (பள்ளி சார்பில் ஆவணங்களை அனுப்புபவர்) இடத்தில் அவரையோ, அவர் பொறுப்புக் கொடுக்கும் ஆசிரியரையோ சேர்க்கலாம். அந்த மின்னஞ்சலை அவர் தினமும் பார்ப்பவராக இருக்க வேண்டும், டிசிஷன் ஒப்பந்தம் அங்கேதான் போகும். ஒப்பந்தத்தின் பொருளைத் தமிழில் அவருக்கும் அப்பாவுக்கும் விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

பெயரைக் கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். விண்ணப்பம், சாட், டோஃபெல் தேர்வுகள் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். இரண்டு பெயரும் ஒருவரே என்று பள்ளியின் பெயர் அச்சிட்ட தாளில் ஒரு கடிதம் போதும். இல்லையென்றால் மதிப்பெண் ஒரு கோப்பிலும் விண்ணப்பம் இன்னொரு கோப்பிலும் கிடக்கும்.

கீழக்கரை_காக்கா
இன்னொன்று. காமன் ஆப்பில் கெடு நம்மூர் நேரப்படி இரவு 11.59. ஆனாலும் வடகிழக்குப் பருவமழையில் கரண்டையும் டவரையும் நம்பி நவம்பர் 1 வரை இழுக்க வேண்டாம், அக்டோபர் 25க்குள் அனுப்பிவிடுங்கள். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்து வையுங்கள். பணம் கட்டியதோடு வேலை முடிந்ததாக நினைத்து மூடிவிடுகிறவர்கள் உண்டு. அதன் பிறகு திரும்ப உள்ளே வந்து, படிவத்தைப் பார்த்து, கையெழுத்திட்டுச் சமர்ப்பித்தால்தான் கல்லூரிக்குப் போகும். அப்புறம் கல்லூரியிலிருந்து வரும் மின்னஞ்சலில் உள்ள இணைப்பில் கணக்கைத் திறந்து, மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதம், சி.எஸ்.எஸ். மூன்றும் வந்து சேர்ந்ததா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.