பேக் அப்: காப்புப்பிரதியா, காப்புப்படியா?

குழுவில் உள்ள அனைவருக்கும் வணக்கம்.

கணினிக் கோப்புகளுக்கு இன்னொரு படி எடுத்துப் பத்திரப்படுத்தும் 'பேக் அப்' (back up) என்பதற்கு நம் கையேட்டில் 'பின்னேற்று' என்று போடலாம் என்ற யோசனைக்குச் சிலர் சரி சொல்லிவிட்டார்கள். அது அதில் ஏறுவதற்குள் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். பேக் என்றால் பின், அப் என்றால் மேல் என்று பிரித்துப் பார்த்தால் அந்த ஆங்கில வினையின் பொருள் பிடிபடாது. இரண்டு சிறு சொற்கள் கூடி, இரண்டிலும் இல்லாத ஒரு பொருளைத் தருகின்றன. அதுவும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

டர்பனில் நம் காதில் விழுவதையே பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் பேக் அப் என்று கையசைத்தால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பெருமழையில் சாக்கடை பேக் அப் ஆகிறது என்றால் கழிவுநீர் போக வழியில்லாமல் எதிர்த்து ஏறுகிறது. நெடுஞ்சாலையில் வண்டிகள் பேக் அப் ஆனால் தேங்கி நிற்கின்றன. கூட்டத்தில் என்னை பேக் அப் செய்யுங்கள் என்பவர் பக்கபலம் கேட்கிறார். சொன்னதை பேக் அப் செய்யச் சொல்பவர் ஆதாரம் கேட்கிறார். இவை எல்லாவற்றுக்கும் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. ஒரே சொல் அத்தனைக்கும் பொருந்த வேண்டும் என்று நாம் ஏன் மெனக்கெட வேண்டும்? கோப்புகளை இன்னொரு படி எடுத்துப் பத்திரமாக வைக்கிறோமே, அந்த ஒரு செயலுக்குத்தான் இப்போது சொல் தேவை.

அதற்குக் 'காப்புப்பிரதி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதன் முதல் பாதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ் பேச வராத நம் குடும்பங்களிலும் காப்பு என்றால் தெரியும். காப்புக் கட்டாமல் யாரும் காவடி எடுப்பதில்லை, தீமிதிக்கு இறங்குவதில்லை. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காவடி பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம்.

பிரதிக்குப் பதில் 'படி' என்று வைக்கலாம் என்பது என் வேண்டுகோள். கையெழுத்துப்படி, அச்சுப்படி, மூலப்படி என்று பதிப்புத் துறையில் நிலைத்த சொல் அது. பனையோலை நாளடைவில் செல்லரித்துப் போகும் என்பதால் தலைமுறைதோறும் ஏடுகளைப் படியெடுத்து வைத்தார்கள். நாம் செய்ய நினைப்பதும் அதே வேலைதான், ஓலை மட்டும் இல்லை. 'பஞ்சப்படி, பயணப்படி போல இதுவும் ஏதோ சம்பளத் தொகை என்று படுமே' என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. ஆனால் அந்தப் படியை வாங்குவோம், இந்தப் படியை எடுப்போம். திரையில் வரும் பொத்தானில் 'காப்புப்படி எடு' என்று வினையோடு போட்டால் குழப்பம் வராது. 'காப்புநகல்' என்றாலும் எனக்குப் பெரிய எதிர்ப்பு இல்லை. ஜெராக்ஸ் கடை நினைவு வரும், அவ்வளவுதான்.

சொல்லைவிட அதன் எல்லைதான் எனக்குக் கவலை தருகிறது. ஒத்திசைவையும் (சிங்க்) காப்புப்படியையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். கைபேசியின் படங்கள் மேகக் கணினியோடு (கிளவுட்) ஒத்திசைந்திருந்தால், கைபேசியில் ஒரு படத்தை அழித்தவுடன் அங்கும் அழியும். குப்பைத் தொட்டியில் சில வாரம் கிடக்கும், அப்புறம் போய்விடும். மூலம் கெட்டாலும் கெடாமல் தனியாக நிற்பதற்குத்தான் காப்புப்படி என்று பெயர். கையேட்டில் இந்த வரையறை கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே 3-2-1 விதியும்: மொத்தம் 3 படிகள், 2 வகை ஊடகங்களில், அவற்றில் 1 வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ.

இந்த 'வேறு கட்டடம்' நம் தென்னாப்பிரிக்காவில் வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2021 ஏப்ரல் 18 அன்று டேபிள் மலைச் சரிவில் பற்றிய தீ, கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் ஜாகர் நூலக வாசிப்புக் கூடத்தை எரித்தது. ஆப்பிரிக்க ஆய்வு நூல்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அடுத்த ஏப்ரலில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வந்த வெள்ளத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகளே அடித்துச் செல்லப்பட்டபோது அலமாரிக் காகிதங்கள் என்ன ஆகியிருக்கும்! 1860 நவம்பர் 16-ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். பெயர், தந்தை பெயர், வயது, ஊர் என்று அவர்களைப் பதிந்த கப்பல் பட்டியல்கள் இருப்பதால்தான் பலர் இன்று தங்கள் பூட்டன் எந்தக் கிராமம் என்று தேட முடிகிறது. கோயில்களின் பழைய கணக்கேடுகளுக்கும், தமிழ்ப் பள்ளிகளின் வருகைப் பதிவேடுகளுக்கும், பெட்டிகளில் கிடக்கும் கூத்துப் பாட்டு நோட்டுகளுக்கும் பெரும்பாலும் ஒரே ஒரு படிதான். அவற்றை ஸ்கேன் செய்ய வரும் தன்னார்வலர் இந்தப் பொத்தானைப் புரிந்து அழுத்த வேண்டும்.

மின்வெட்டு நேரத்துப் பேக்கப்பையும் 'காப்பு மின்சாரம்' என்று இதோடு சேர்க்கலாம் என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. மின்பொறியியலில் காப்பு என்றால் மின்சாரம் கடக்காமல் தடுப்பது. கம்பியின் மேலுள்ள உறைக்கு அந்தப் பெயர். 'துணை மின்' என்றால் துணை மின் நிலையம் குறுக்கே வரும். பேட்டரியில் சேர்த்து வைத்ததை 'இருப்பு மின்சாரம்' எனலாம். ஜெனரேட்டர் இருந்தால் ஜெனரேட்டர் என்றே சொல்லுவோம்.

ஆக, கையேட்டுக்கு நான் முன்வைப்பவை: பெயர்ச்சொல்லுக்குக் 'காப்புப்படி'; வினைக்குக் 'காப்புப்படி எடு'. எடுத்ததைத் திரும்பக் கொண்டுவரும் 'ரீஸ்டோர்' பொத்தானுக்கு 'மீட்டெடு'. 'மீளமை' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அதை 'ரீசெட்' என்பதற்கு ஒதுக்கி வைக்கலாமா? ரீசெட்டை அழுத்தினால் உள்ளதெல்லாம் போய்விடும் என்பதால் இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கக் கூடாது. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
டர்பனிலிருந்து