கன்ட்ரோல் சார்ட்டில் (உற்பத்தி அளவுகளை வரிசையாகக் குறித்துக் கண்காணிக்கும் வரைபடம்) இன்னும் உறுத்துகிற ஒரு காட்சி: பகிருங்கள்

மைக்ரான்மணி:
25 மி.மீ. ஷாஃப்ட், சிஎன்சி டர்னிங், ஓ.டி. (வெளிவிட்டம்) டாலரன்ஸ் (டிராயிங் அனுமதிக்கும் விலகல்) ±0.020. ஒவ்வொரு பீஸையும் மைக்ரோமீட்டரில் பார்த்து உடனே வேர் ஆஃப்செட் (வெட்டும் முனையின் தேய்மானத்துக்காக மெஷினில் கொடுக்கும் திருத்தம்) மாற்றுகிற லைன். அந்த ஆஃப்செட் நோட்டின் ஒரு பக்கம் கண்ணிலேயே நிற்கிறது: −6, +7, −5, +8, −7 மைக்ரான். மெஷின் ஆடவில்லை, ஆட்டியது கை. 50 பீஸ் யாரும் தொடாமல் ஓடியதும் சிதறல் சுருங்கிவிட்டது. கணக்கும் அதேதான். இயல்பான ஏற்ற இறக்கத்தைப் பீஸுக்குப் பீஸ் திருத்தினால் வேரியன்ஸ் (சிதறலின் வர்க்க அளவு) இரட்டிப்பு, சிக்மா (அதன் வர்க்கமூலம்) 1.41 மடங்கு.

மோல்டிங்வாசி:
நாலு கேவிட்டி (பீஸ் உருவாகும் குழி) அச்சு. கேவிட்டிக்கு ஒன்றாக நாலு பீஸ் எடுத்து ஒரு சப்குரூப் (சார்ட்டில் ஒரு புள்ளிக்கான மாதிரி). புள்ளிகள் எல்லாம் நடுக்கோட்டில் ஒட்டிக்கொண்டு நூல் பிடித்தாற்போல் போகும், ஆடிட்டருக்கு ஏக சந்தோஷம். உண்மையில் கேவிட்டிகளுக்கு இடையிலான வித்தியாசம் முழுக்க ரேஞ்சுக்குள் (சப்குரூப்பில் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள வித்தியாசம்) புகுந்து ஆர்-பாரை (ரேஞ்சுகளின் சராசரி) 0.12 ஆக ஊதிவிட்டது. சராசரியின் எல்லை ±0.729 × 0.12 (0.729 என்பது 4 பீஸ் சப்குரூப்புக்கான அட்டவணை எண்), கிட்டத்தட்ட ±0.087. மூன்றாவது கேவிட்டியின் கூலிங் லைன் அடைத்து அளவு 0.03 நகர்ந்தபோது சராசரி நகர்ந்தது 0.0075 மட்டும். சார்ட் அசையவே இல்லை. கேவிட்டிக்கு ஒரு சார்ட், அடுத்தடுத்த ஷாட்டில் (அச்சை ஒரு முறை நிரப்புவது) பீஸ் என்று பிரித்த பிறகுதான் தெரிந்தது.

இரவுஷிஃப்ட்:
மணி, "தொடாதே" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஆபத்து. ஓ.டி. டர்னிங்கில் இன்ஸர்ட் (வெட்டும் முனை) தேயத் தேய விட்டம் ஏறும். அது இயல்பான சிதறல் இல்லை, காரணம் தெரிந்த நகர்வு. யாரும் தொடாத ஒரு லைனில் ஷிஃப்ட் முடிவு பீஸ் 25.021.

செய்ய வேண்டியது இது. அரை மணிக்கொரு முறை தொடர்ச்சியாக 5 பீஸ், சராசரியும் ரேஞ்சும் குறியுங்கள். 25 சப்குரூப் சேர்ந்ததும் எல்லை போடுங்கள். ஆர்-பார் 0.009 என்றால் சராசரிக்கு ±0.577 × 0.009 = ±0.0052, ரேஞ்சின் மேல் எல்லை 2.114 × 0.009 = 0.019 (0.577, 2.114 இரண்டும் 5 பீஸுக்கான அட்டவணை எண்கள்). ரேஞ்ச் சார்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது கட்டுப்பாட்டில் இல்லையென்றால் சராசரியின் எல்லைக்கே அர்த்தம் இல்லை. சராசரி எல்லை தாண்டினாலோ, 8 புள்ளி ஒரே பக்கம் விழுந்தாலோ மட்டும் ஆஃப்செட், அதுவும் ஒரு பீஸின் விலகலுக்கு அல்ல, சப்குரூப் சராசரியின் விலகலுக்கு. இன்ஸர்ட் மாற்றிய நேரத்தைச் சார்ட்டிலேயே எழுதுங்கள், இல்லையேல் அது வெறும் கோலம்.

கேஜ்ரூம்:
எல்லாரும் எல்லை போடத் தெரிந்தவர்கள் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பார்த்த சார்ட்டில் டிராயிங்கின் ±0.020-ஐயே சிவப்பு மையில் இழுத்து அதன் பெயர் கன்ட்ரோல் லிமிட். 5 பீஸ் சராசரியின் சிதறல் தனிப் பீஸின் சிதறலில் 2.24-ல் ஒரு பங்குதான். ஆகவே சராசரி அந்தச் சிவப்புக் கோட்டைத் தொடும்போது பாதிப் பீஸ் ஏற்கெனவே வெளியே. "இன்னும் கோட்டுக்குள்தானே" என்று ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

மைக்ரான்மணி:
இரவுஷிஃப்ட், தேய்மானத்தைத் திருத்தாதே என்று யார் சொன்னது? பீஸுக்குப் பீஸ் திருத்தாதே என்றுதான் இருக்கிறது, மேலே படியுங்கள். 8 புள்ளி விதி சரி. ஆனால் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் வகுத்த நாலு அலாரம் விதிகளையும் ஒன்றாகப் போடுகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: 3 சிக்மா எல்லை தாண்டும் விதி மட்டும் என்றால் சராசரியாக 370 புள்ளிக்கு ஒரு பொய் அலாரம், நாலும் சேர்ந்தால் 92-க்கு ஒன்று. அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் ஆபரேட்டர் சார்ட் பக்கமே திரும்ப மாட்டார்.

கேஜ்ரூம்:
அதற்கு முன் கேஜைப் (அளக்கும் கருவியை) பாருங்கள். 0.02 லீஸ்ட் கவுண்ட் (காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு) வெர்னியரில் எடுத்த ஒரு ரேஞ்ச் சார்ட்: 0, 0.02, 0, 0, 0.02. மேல் எல்லைக்குள் ரேஞ்சுக்கு ஐந்து வெவ்வேறு மதிப்பாவது வர இடமில்லை என்றால் கேஜை மாற்ற வேண்டும். அங்கே ஆறு மாதமாக அதைத்தான் "ஸ்டேபிள் பிராசஸ்" என்று சுவரில் ஒட்டியிருந்தார்கள்.