புதுப்பிப்பு: கான்கிரீட் தரையில் பிரவுன் பேப்பர் ஒட்டிவிட்டேன்

கான்கிரீட் தரையை அதிகச் செலவில்லாமல் மூட வழி கேட்டிருந்தேன். பெயின்ட், வினைல் விரிப்பு, பிரவுன் பேப்பர் என்று யோசனைகள் வந்தன. பேப்பரைத் தேர்ந்தெடுத்தேன், பழைய தோல் விரித்தது போல அவ்வளவு அழகு!

முதலில் ஈரம் பாருங்கள். பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ எதையும் ஒட்டாதீர்கள். என் தரை காய்ந்தே இருந்தது. அப்புறம் பேப்பரைக் கிழித்து, கசக்கி விரித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டினேன். மேலே சாயம் பூசினேன், கசங்கிய கோடுகளில்தான் அது அழகாகத் தங்குகிறது. நன்றாகக் காய்ந்தபின் பாலியூரித்தேன் என்ற வார்னிஷ் பல பூச்சு. தேய்மானத்தைத் தாங்குவது அதுதான், அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

குளியலறைக்கு ஆகுமா என்று கேட்டவருக்கு: வேண்டாம், பேப்பர் ஊறிவிடும்.