செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பார்த்த கார்ட்டூன் படம்: உங்கள் தியேட்டரில் என்ன நடந்தது?

மதுரை மேட்னி:

'மகாவதார் நரசிம்மா' பற்றிப் பேச்செடுத்தால் ஆளுக்கொரு தியேட்டர் கதை சொல்கிறார்கள். எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதிவைக்கலாமே என்றுதான் இந்த இழை. படம் நல்ல படமா என்ற பஞ்சாயத்து வேண்டாம். நீங்கள் போன அன்று நடந்ததை எழுதுங்கள், போதும்.

என்னிலிருந்து தொடங்குகிறேன். 2025 ஜூலை 25, ஆடி வெள்ளி. அதே நாளில்தான் 'தலைவன் தலைவி'யும் வந்தது, வடிவேலுவும் ஃபகத் ஃபாசிலும் நடித்த 'மாரீசன்' படமும் வந்தது. நான் போன தியேட்டரில் நரசிம்மருக்கு ஒதுக்கியது ஒரே ஒரு காலைக் காட்சி. பக்தியில் ஒன்றும் போகவில்லை. நான் கேட்ட படத்துக்கு டிக்கெட் இல்லை, வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டேன், டோக்கன் காசு வீணாகக்கூடாது என்று உள்ளே போனேன். மொத்தம் 14 பேர். ஏசியைக்கூட அரை மனதாகத்தான் போட்டார்கள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. 14 பேரில் ஒருவரும் எழவில்லை. எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்த ஒரு பெரியவர் போனை எடுத்து, அங்கேயே உட்கார்ந்தபடி, "டேய், பிள்ளைங்கள கூட்டிட்டு வா, நாளைக்கே வா" என்று யாரிடமோ சத்தமாகச் சொன்னார். வசூல் எப்படி ஏறியது என்று பின்னால் பலரும் பலவிதமாக விளக்கினார்கள். எனக்கு அந்த ஒரு போன் போதும்.

அடுத்த ஞாயிறு அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆடிப்பெருக்கு. அதே தியேட்டர், நான்கு காட்சிகள், எங்களுக்குக் கிடைத்தது முதல் வரிசை. கழுத்து சுளுக்கிக்கொண்டது.

நாடு முழுக்கவும் இதே கதைதான். முதல் நாள் நிகர வசூல் (வரி போக) எல்லா மொழியும் சேர்த்து சுமார் 1.75 கோடி. சனிக்கிழமை 4.6, ஞாயிறு 9.5. திங்கட்கிழமை என்றால் பெரிய ஹீரோ படமே பாயில் படுத்துவிடும். இது 6 கோடி வாங்கியது. நான் சுளுக்கு வாங்கிய அந்த இரண்டாம் ஞாயிறு மட்டும் 23 கோடிக்கு மேல்.

இரண்டு வாண்டுகளின் அம்மா:

நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், மாமியார், 9 வயது மகள், 6 வயது மகன். கார்ட்டூன் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனோம். படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே திதி அந்தி நேரத்தில் கசியபரிடம் பிள்ளை வரம் கேட்டு வருகிற காட்சி. மகள் என் பக்கம் திரும்பி, "அந்த ஆன்ட்டி ஏம்மா இப்பவே வேணும்னு அடம் பிடிக்கிறாங்க?" என்றாள். பாப்கார்ன் சாப்பிடு என்றேன்.

ஆனால் எங்கள் வரிசையில் படத்தைவிட மாமியார்தான் ஹிட். அவருக்கு இந்தக் கதை மனப்பாடம். ஒவ்வொரு காட்சிக்கும் அரை நிமிஷம் முன்னாடியே, "இப்ப பாரு, தீ இவனைச் சுடாது, மடியில வெச்சிருக்கா பாரு அவதான் எரியப் போறா" என்று முழுக்குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பின் வரிசையிலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. சரி, திட்டப்போகிறார்கள் என்று திரும்பினேன். "பாட்டியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லச் சொல்லுங்க, என் பையனுக்குக் கேக்கல" என்றார் ஓர் அம்மா.

சின்னக் குழந்தை இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடைசிச் சண்டை நீளம், ரத்தமும் அதிகம். தூண் பிளந்ததும் மகன் என் மடிக்கு வந்தவன் கடைசிவரை இறங்கவில்லை, 3டி கண்ணாடியைக் கழற்றி என் கைப்பையில் ஒளித்துவைத்துவிட்டான். அதோடு, ஒரு வாரம் வீட்டுத் தூண், பேருந்து நிறுத்தத் தூண், மேம்பாலத் தூண் எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, "உள்ள இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கேண்டீன் கணக்கு:

நான் இரண்டு திரை உள்ள ஒரு தியேட்டரில் கேண்டீன் பார்க்கிறேன். ஊர் பெயர் வேண்டாம், முதலாளி இதையெல்லாம் படிப்பவர்.

எங்களுக்கு ஹீரோ படத்தின் முதல் நாள் கூட்டத்தால் பெரிய லாபமில்லை. பையன்கள் விசிலடிப்பார்கள், தண்ணீர் பாட்டில் வாங்குவார்கள், போவார்கள். காசு குடும்பக் கூட்டத்தில்தான். ஒரு குழந்தை வந்தால் நாலு பேர் வருவார்கள். இந்தப் படத்துக்கு வந்ததெல்லாம் அப்படிப்பட்ட கூட்டம்தான். ஆனால் ஒரு வேடிக்கை. ஆடி மாதம், சாமி படம். முட்டை பப்ஸ் தட்டில் அப்படியே கிடக்கிறது, வெஜ் பப்ஸ் முதல் காட்சி இடைவேளையிலேயே காலி. மறுநாளிலிருந்து முட்டை பப்ஸ் ஆர்டரையே நிறுத்திவிட்டேன். பதினேழு வருஷத்தில் பப்ஸைப் பார்த்துப் படத்தை எடைபோட்டது அதுதான் முதல் தடவை.

செருப்பு விஷயமும் உண்மைதான். வடக்கே கோயிலுக்குப் போவதுபோலச் செருப்பைக் கழற்றிவிட்டு அரங்குக்குள் போனது வீடியோவில் வந்தது, அதைப் பார்த்து இங்கேயும் சிலர் ஆரம்பித்தார்கள். முதல் ஞாயிறு ஏழெட்டு ஜோடி. ஆடிப்பெருக்கு அன்று கதவோரம் ஒரு கோயில் வாசலே வந்துவிட்டது. காட்சி விட்டதும் பாருங்கள் கூத்தை! ஒருத்தர் செருப்பை ஒருத்தர் மாட்டிக்கொண்டு போக, வாட்ச்மேன் எங்களிடம் வந்து, "டோக்கன் போடலாமாண்ணே?" என்று நிஜமாகவே கேட்டார்.

ஃப்ரேம் தச்சன்:

நான் சென்னையில் அனிமேஷன் வேலையில் இருப்பவன், அதனால் கொஞ்சம் கடுப்போடுதான் போனேன். குறை தேடினால் கிடைக்கும். பல காட்சிகளில் கண்ணில் உயிர் இல்லை, முக பாவம் விறைப்பாக நிற்கிறது, சில இடங்களில் நடக்கும்போது கால் தரையில் பதியாமல் வழுக்குகிறது. வீடியோ கேம் போல இருக்கிறது என்று திட்டியவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் நானே எண்ணுவதை விட்டுவிட்டேன். நரசிம்மர் வந்த பிறகு ஒளியும் வேகமும் ஒலியும் சேர்ந்து வேறு எதையும் கவனிக்க விடவில்லை. இசை நம் சாம் சி.எஸ். அந்தக் கடைசிப் பகுதியில் பாதி வேலை அவருடையது என்பேன்.

2014இல் 'கோச்சடையான்' வந்தபோது ஏன் இப்படி நடக்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். அது மோஷன் கேப்சர், அதாவது நடிகரின் அசைவைப் பதிவுசெய்து பொம்மைக்கு ஏற்றுவது. திரையில் இருப்பது ரஜினி. அவர் எப்படிச் சிரிப்பார், எப்படி நடப்பார், தலையை எப்படிக் கோதுவார் என்று பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அத்துப்படி. பொம்மை ரஜினி ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். நரசிம்மரை யார் நேரில் பார்த்தார்கள்? காலண்டரில் பார்த்ததுதான். காலண்டர் படம் அசைந்தால் எப்படி இருக்கும் என்று நம் மக்கள் மனதில் ரொம்ப நாளாக ஓர் ஆசை இருந்திருக்கிறது. இயக்குநர் அஷ்வின் குமாருக்கு இது முதல் படம். முதல் படத்திலேயே சரியான உருவத்தைப் பிடித்துவிட்டார்.

எல்லோரும் போன பிறகும் பெயர்ப்பட்டியல் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். முன்பு ஒரு கம்பெனியில் மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே கடையை மூடினார்கள், "இந்தியாவில் அனிமேஷனுக்கு யாரும் டிக்கெட் வாங்க மாட்டான்" என்று ஒரு வியாக்கியானம் வேறு. அந்த ஆளுக்கு ஒரு டிக்கெட் வாங்கி அனுப்பலாமா என்று தோன்றியது.

கறுப்புச் சட்டை அப்பா:

எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை. மகள் கேட்டாள், போனேன். கைதட்டலும் கோஷமும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. படம் சுமார் என்று அலுவலகத்தில் சொன்னேன். படத்தைப் பற்றிப் பேசுகிறேன், சாமியைப் பற்றி இல்லை என்று விளக்கவே அரை மணி நேரம் ஆனது.

வீட்டில்தான் பெரிய சேதம். படத்தை ஒரு வரியில் சொன்னால், அப்பா பேச்சைக் கேட்காத பிள்ளை ஜெயிக்கிறான், அப்பா குடல் உருவப்பட்டுச் சாகிறார். எட்டு வயசுக்காரிக்கு அது நன்றாகவே புரிந்துவிட்டது. ஹோம்வொர்க் எழுது என்றால் கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

செகந்திராபாத் தமிழன்:

தமிழ்நாட்டில் ஒரு காட்சி, இரண்டு காட்சி என்று எழுதுகிறீர்கள். இங்கே நிலைமையே வேறு. வசூலில் இந்திதான் முதலிடம், அதற்கடுத்து தெலுங்கு. தமிழ் ரொம்பப் பின்னால். காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அகோபிலம், சிம்மாசலம், யாதகிரிகுட்டா எல்லாம் இந்தப் பக்கம். என் அலுவலகத்தில் மட்டும் ஒரு நரசிம்மராவ், ஒரு நரசிம்முலு, ஒரு லட்சுமி நரசிம்மா. மூவரும் குடும்பத்தோடு போனார்கள்.

நான் போன காட்சியில் தூண் பிளந்ததும் முழு அரங்கமும் "கோவிந்தா" என்றது. நானும் என்றேன், வாய் தானாக வந்தது. அதன் பிறகு நடந்தது பிடிக்கவில்லை. படம் முடிந்ததும் ஒரு பஜனைக் கும்பல் பாடியது. நன்றாகத்தான் பாடினார்கள். போனில் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பையன், "சரியாகப் பதிவாகவில்லை, இன்னொரு தடவை ஆரம்பியுங்கள்" என்றான். ஆரம்பித்தார்கள்! இரண்டாவது தடவை எல்லோரும் கேமராவைப் பார்த்துப் பாடினார்கள். நீங்கள் பார்த்த வீடியோக்களில் எத்தனை முதல் தடவை, எத்தனை இரண்டாவது தடவை என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

நாமக்கல் வாத்தியார்:

எனக்கு வயது 71. சிறுவனாக டூரிங் டாக்கீஸில் ஏவி.எம்.மின் 'பக்த பிரகலாதா' பார்த்தவன். 1967இல் தெலுங்கில் எடுத்து, தமிழிலும் வந்தது. எஸ்.வி. ரங்காராவ் இரணியனாக வந்து உறுமியதும் என் தம்பி மணலில் குழி தோண்டி முகத்தைப் புதைத்துக்கொண்டான். செருப்பு பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, யாரிடமும் செருப்பு கிடையாது.

இந்தப் படத்துக்குப் பேரன் இழுத்துக்கொண்டு போனான். எனக்குக் கண்ணாடிமேல் கண்ணாடி போட்டுப் பார்ப்பது சிரமமாக இருந்தது, பாதிப் படம் மங்கல்தான். மறுநாள் நான் அவனை இழுத்துக்கொண்டு எங்கள் ஊர் மலையடிவாரக் குடைவரைக்குப் போனேன். ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளாக அந்தப் பாறையில் நரசிம்மர் இரணியனைக் கிடத்திக் கிழித்துக்கொண்டிருக்கிறார், பக்கத்திலேயே வராகமும் உண்டு. இத்தனை நாள் கூப்பிட்டும் வராதவன், அன்று அர்ச்சகர் நகரச் சொல்லும்வரை நின்றான். பிறகு, "தாத்தா, இதைப் பார்த்துத்தான் படம் எடுத்தாங்களா?" என்றான். இருக்கலாம் என்றேன்.

பக்கோடா:

நான் செப்டம்பர் 19 அன்று நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு, ரயிலில், போனில் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பாதியில் தூங்கிவிட்டேன். இங்கே எழுதியிருப்பதைப் படித்தால் வேறு ஏதோ படத்தைப் பார்த்துவிட்டேனோ என்று இருக்கிறது.

மதுரை மேட்னி:

பக்கோடா, நீங்கள் பார்த்தது அதே படம்தான், கூடப் பார்க்க பாட்டி இல்லை, அவ்வளவுதான்.

கடைசிக் கணக்கு என்ன என்று யோசிப்பவர்களுக்கு: ஆகஸ்ட் 14 அன்று 'கூலி'யும் 'வார் 2'வும் வந்து திரைகளை அள்ளிக்கொண்டு போன பிறகும் இது ஓடியது. உலகம் முழுக்க மொத்த வசூல் 300 கோடியைத் தாண்டியது. இந்திய அனிமேஷனில் இதுவரை எந்தப் படமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. நிகரம், மொத்தம் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வரி கழித்தது நிகரம். இந்த வரிசையில் மொத்தம் ஏழு படங்கள் என்று அறிவித்திருக்கிறார்கள், அடுத்தது பரசுராமர், 2027. அவரோ அப்பா பேச்சைக் கேட்டு அம்மா தலையை வெட்டியவர். கறுப்புச் சட்டை அப்பா மகளைக் கூட்டிப்போகலாம், இந்த முறை அம்மாதான் சமாளிக்க வேண்டியிருக்கும்.

கேண்டீன் கணக்கு:

ஆடிப்பெருக்கு மாலைக் காட்சிக்கு வந்தவர் யாராவது இதைப் படித்தால்: பழுப்பு நிற ஆண் செருப்பு, இடது கால் 7, வலது கால் 9, கவுண்டருக்குக் கீழே வைத்திருக்கிறோம். இதன் மற்ற பாதியைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் ஒருத்தர் நொண்டிக்கொண்டுதான் நடக்கிறார்.