புதுப்பிப்பு: முனைவர் பட்ட அழைப்புகள், உதவித்தொகைக் கணக்கில் ஒரு திருத்தம்

இயற்பியலிலிருந்து கணினி உயிரியலுக்கு மாறுபவர் கையில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் இரண்டு முனைவர் பட்டச் சேர்க்கை அழைப்புகள் இருந்தால் மாத உதவித்தொகையை ஒப்பிட்டாலே போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது.

உதாரணத்துக்கு, 9 மாதத்துக்கு 27,000 டாலர். 12 மாதத்துக்கு 33,000. மாதக் கணக்கில் முன்னது 3,000, பின்னது 2,750. ஆனால் முன்னதில் கோடை மூன்று மாதமும் வரவு இல்லை. படிப்புக் கட்டணம் தள்ளுபடி என்றாலும் இதர கட்டணங்களைத் தனியே கட்டச் சொல்லும் இடங்கள் உண்டு, காப்பீட்டையும் கேளுங்கள்.

அதைவிட முக்கியம், அழைப்பில் வரும் "5 ஆண்டு நிதி உறுதி" யாருடையது என்பது. பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வருகிறதென்றால், ஆய்வகம் மாறும்போது பணமும் நின்றுபோகலாம். பல்கலைக்கழகத் துறையே தருகிறதென்றால் அந்தப் பயமில்லை. துறை மாறுபவர்களுக்குத்தான் வழிகாட்டியை மாற்றும் தேவை அதிகம் வரும் (இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை). அதனால் முதலாண்டில் இரண்டு மூன்று ஆய்வகங்களில் சுழற்சி முறையில் வேலை பார்க்க விடும் திட்டமே என் தேர்வு.

விடுபட்ட அடிப்படைப் பாடங்களைச் சேர்த்துப் படித்தால் தகுதித் தேர்வு (சேர்ந்தபின் முனைவர் ஆய்வைத் தொடரத் தேற வேண்டியது) தள்ளிப்போகுமா? மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஏப்ரல் 15 உடன்பாட்டில் (April 15 Resolution) கையெழுத்திட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் தரும் அழைப்புக்கு அந்தத் தேதிக்கு முன் பதில் கேட்டு நெருக்கக்கூடாது. நிதியில்லாத அழைப்புக்கு இது பொருந்தாது.