செம்பூராங்கல்லை மணற்கல் என்று எழுதினேன்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஊருணிக்கரை:
நிலவியல் முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஊரிலிருந்து ஒரு படிவுப்பாறை (மணல், சேறு போன்றவை படிந்து இறுகிய பாறை) மாதிரி கொண்டுவந்து விவரித்து எழுதச் சொன்னார்கள். காரைக்குடியில் அப்பத்தா வீட்டுக் கிணற்றடியில் பெயர்ந்து கிடந்த சிவப்புக் கல்லை எடுத்துப் போனேன். நிறம் சிவப்பு, தொட்டால் சொரசொரப்பு. "செந்நிற மணற்கல்" என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.

ஆசிரியர் அதை அடித்துவிட்டு, "மணல் எங்கேம்மா?" என்று மட்டும் கேட்டார். பத்து மடங்கு லென்ஸோடு அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மணற்கல் என்றால் 0.0625 முதல் 2 மில்லிமீட்டர் வரையுள்ள மணிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும். என் கல்லில் இருந்தவை புழு துளைத்த மாதிரி ஓட்டைகள், உள்ளே மஞ்சள் களிமண், நடுநடுவே கருஞ்சிவப்பு முண்டுகள். அடுக்கு வரி ஒன்றுகூட இல்லை. நம்ம செம்பூராங்கல்தான் அது, பாடத்தில் லேட்டரைட். ஆறு கொண்டுவந்து சேர்த்தது இல்லை. இருந்த பாறையே இருந்த இடத்தில் சிதைந்து, சிலிக்காவும் கால்சியமும் மழைநீரில் கரைந்துபோக, இரும்பும் அலுமினியமும் மிஞ்சிய கல்.

அப்பத்தாவிடம் சொன்னேன். "வெட்டுறப்ப மெத்துனு இருக்கும்த்தா, வெயிலும் காத்தும் பட்டாத்தான் இறுகும்" என்றார். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் மலபாரில் இதையே பார்த்துத்தான், 1807இல் வெளிவந்த தன் நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார். அப்பத்தா புத்தகம் படித்தவர் இல்லை. எனக்குச் சிலிர்த்துவிட்டது.

தேவகோட்டை ரஸ்தா:
எனக்குக் கல் சரி, சோதனை தவறு. இடிந்த பழைய வீட்டுச் சுவரிலிருந்து ஒரு மணற்கல் எடுத்தேன். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டதும் புஸ்ஸென்று நுரைத்தது. மணிகளைப் பிணைத்திருப்பது கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) என்று எழுதினேன். நுரைத்தது கல்லே இல்லை, அதன்மேல் ஒட்டியிருந்த சுண்ணாம்புப் பூச்சு! சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிவிடும், அமிலம் பட்டால் நுரைக்கத்தான் செய்யும். கல்லை உடைத்துப் புது முகத்தில் விட்டபோது ஒரு குமிழி வரவில்லை. கத்தியாலும் மணிகளைக் கீற முடியவில்லை. கத்தியைவிடக் கடினமான குவார்ட்ஸ் மணி, சிலிக்காப் பிணைப்பு.

இன்னொன்று. நம்ம ஊர் வீடுகளுக்கு இத்தாலியிலிருந்தே பளிங்கு வந்து இறங்கியிருக்கிறது. இடிபாட்டில் கிடக்கும் கல் எந்த ஊர்க் கல் என்று யாராலும் சொல்ல முடியாது. மாதிரி எடுக்க அது இடமே இல்லை. வீட்டுத் தரையில் அமிலம் விட்டும் பார்க்காதீர்கள், பளிங்கு அரித்துப்போகும்.

பள்ளத்தூர் பேத்தி:
களிமண் இறுகிய களிப்பாறையா, அதைவிடச் சற்றே பருத்த வண்டல் துகள் இறுகிய வண்டல்பாறையா என்று லென்ஸிலும் பிடிபடாமல் தவித்தேன். சீனியர் அக்கா ஒரு துணுக்கைக் கழுவி முன்பல்லில் வைத்துக் கடிக்கச் சொன்னார். நறநறத்தது, வண்டல்பாறை. களி என்றால் வழவழவென்று இருக்குமாம்.

கானாடுகாத்தான் ஐயா:
நான் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். சிவகங்கைப் பக்கம் மேல் கோண்டுவானா என்ற பழைய நிலவியல் காலத்துக் கான்குளோமரேட், அதாவது கூழாங்கற்கள் ஒட்டி இறுகிய படிவுப்பாறை, உண்டு. பிள்ளைகளிடம் கொடுத்தால் "கூழாங்கற்கள் உள்ளன" என்று எழுதி நிறுத்திவிடுவார்கள். எனக்கு அது மனசு ஆறாது. அந்தக் கூழாங்கல் ஒவ்வொன்றும் வழி சொல்லும், ஐயா! மூலை மழுங்கி உருண்டிருந்தால் தண்ணீரில் நெடுந்தூரம் புரண்டு வந்தது. கூர் மாறாமல் இருந்தால் பக்கத்து மலைச்சரிவு. கற்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றனவா, மணலுக்குள் தனித்தனியாக மிதக்கின்றனவா? எல்லாம் ஒரே அளவா, கலவையா? குவார்ட்ஸ் மட்டுமா, நைஸ் (வரிவரியான உருமாறிய பாறை) துண்டும் உண்டா? நைஸ் இருந்தால் எந்தப் பாறை அரிபட்டு வந்தது என்று தேடலாம். இவ்வளவும் எழுதிய பிறகு பெயரை எழுதுங்கள். ஊருணிக்கரைப் பெண்ணே, உன் குறிப்பைத் திருத்தி எழுதினாயா?

ஊருணிக்கரை:
எழுதினேன் ஐயா. "கிணற்றுச் சுவரிலிருந்து பெயர்ந்தது, வெட்டிய இடம் தெரியவில்லை. செம்பழுப்பு, ஓட்டைகளில் மஞ்சள் களிமண். தேய்த்தால் செம்பழுப்புத் தூள். அமிலத்தில் நுரை இல்லை. அடுக்கு இல்லை, மணிகள் தெரியவில்லை. லேட்டரைட், படிவுப்பாறை அல்ல." ஆசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். படிவுப்பாறைக்கு வேறு மாதிரி கேட்டிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை சிவகங்கைப் பக்கம் போகிறேன்.