மகள பிஎச்டி பண்ண விடலாமா? இங்க ரிசர்ச் வேலை நிஜமாவே இருக்கா?

ஃபீனிக்ஸ்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். என் மக டர்பன்ல கெமிஸ்ட்ரில மாஸ்டர்ஸ் முடிக்கப்போறா, அடுத்து பிஎச்டிதான்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அவங்கப்பா வேலைக்குப் போன்னு சொல்றாரு. நெட்ல பாத்தா நம்ம தென்னாப்பிரிக்காவுல ஆராய்ச்சியாளருங்க பல ஆயிரம் பேருன்னு போட்டிருக்கு, ஆனா அவளோட சீனியர் பொண்ணு ஒருத்தி பிஎச்டி முடிச்சுட்டு ரெண்டு வருஷமா வீட்ல உக்காந்திருக்கா. எத நம்பறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, ராத்திரி தூக்கமே வரல.

கேப்டவுன்_குமரன்:
அக்கா ரெண்டுமே நிஜம்தான். அந்தக் கணக்க வருஷா வருஷம் எச்எஸ்ஆர்சிங்கற அரசு ஆராய்ச்சி அமைப்பு எடுக்குது, அதுல பிஎச்டி படிக்கற பிள்ளைங்களயும் போஸ்ட்டாக் (பிஎச்டிக்கு அப்புறம் கொஞ்ச வருஷ தற்காலிக ஆராய்ச்சி) பண்றவங்களயும் ஆராய்ச்சியாளர்னுதான் சேப்பாங்க. தப்பு இல்ல, உலகத்துல பல நாடு அப்படித்தான் எண்ணுது. ஆனா உங்க மக பிஎச்டிக்கு பேர் பதிஞ்ச உடனே அவளும் அந்த பல ஆயிரத்துல ஒருத்தி, சம்பள வேலைன்னு ஒண்ணு கிடைக்கறதுக்கு முன்னாடியே. அதனால தலை எண்ணிக்கைய பாக்காதீங்க, எஃப்டிஇன்னு, அதாவது முழுநேர ஆளுக்கு சமமா எத்தன பேருன்னு, இன்னொரு கணக்கு இருக்கும் அதப் பாருங்க. ஒரு லெக்சரர் தன் நேரத்துல 30 சதவீதம் ஆராய்ச்சி பண்ணா அவரு அதுல 0.3 ஆளு, அவ்ளோதான்.

பணத்தையும் பாக்கணும். 2006-07ல நாட்டு ஜிடிபில 0.9 சதவீதத்த ஒட்டி ஆராய்ச்சிக்கு செலவாச்சு, 2008க்குள்ள 1 சதவீதம்னு இலக்கு வேற வச்சிருந்தாங்க. அப்புறம் 0.6 பக்கம் இறங்கிடுச்சு. தென்கொரியாலாம் 5 சதவீதம் பக்கம் நிக்குது. எனக்கு ரொம்ப வலிக்கறது கம்பெனிங்க பங்குதான், 2008-09ல மொத்த செலவுல பாதிக்கு மேல அவங்க பண்ணாங்க, 2019-20ல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. யுனிவர்சிட்டி வருஷா வருஷம் டாக்டரேட் குடுத்துட்டே இருக்கு, கம்பெனில லேப் சுருங்குது, அப்ப அந்த சீனியர் பொண்ணு எங்க போவா சொல்லுங்க.

கரும்புக்காட்டுப்_பேரன்:
குமரன் தம்பி சொல்றது சரி, ஆனா பயமுறுத்திட்டு விட்றக்கூடாது. எங்க தாத்தா கரும்பு வெட்டினவரு, நான் டர்பனுக்கு வடக்க மவுண்ட் எட்ஜ்கோம்ப் பக்கம்தான் வளந்தேன். அங்க 1925லேந்து கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. என்சிஓ 310ன்னு ஒரு கரும்பு, அதுல 'என்'ங்கற எழுத்து நம்ம நேட்டால் மாகாணம், 'சிஓ' கோயம்புத்தூர். கோயம்புத்தூர்ல ஒட்டு சேத்த விதை கப்பல்ல இங்க வந்து, இங்க முளைக்க வச்சு பல வருஷம் பொறுக்கி எடுத்து 1945ல விவசாயிங்களுக்கு விட்டாங்க, அப்புறம் பல நாட்டுல அதான் பயிர். அந்த நிலையத்துக்கு காசு விவசாயியும் மில்லும் சேந்து குடுக்கறாங்க. தொழிலே காசு போட்ற எடத்துல வேலை நிலைக்கும்க்கா, என் அனுபவத்துல பாத்தது.

பிரிட்டோரியா_மாலா:
நானும் பிஎச்டிதான். ஸ்காலர்ஷிப் மூணு வருஷம், தீசிஸ் முடிய அஞ்சு வருஷம் ஆச்சு, கடைசி ரெண்டு வருஷம் ட்யூட்டர் வேலை பாத்து வாடகை கட்டினேன். எவ்ளோ வருஷத்துக்கு பணம்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. கம்பெனி பங்கு போட்ற ப்ராஜெக்ட்டா பாருங்க. வரி சட்டத்துல 11டின்னு ஒரு பிரிவு இருக்கு, கம்பெனி முன்கூட்டியே அனுமதி வாங்கி 100 ரேண்ட் ஆராய்ச்சிக்கு போட்டா வரி போடற வருமானத்துலேந்து 150 கழிச்சுக்கலாம், 2033 கடைசி வரை நீட்டிச்சிருக்காங்க. சூப்பர்வைசர்கிட்ட அவரோட பழைய மாணவருங்க இப்ப எங்க வேலை பாக்கறாங்கன்னு பேர் பேரா கேளுங்க. பதில் சொல்லத் தயங்கினா வேற ஆளப் பாருங்க.

ஃபீனிக்ஸ்_செல்வி:
எல்லாருக்கும் நன்றி. அவளயும் அவங்கப்பாவயும் பக்கத்துல உக்கார வச்சு எல்லாத்தயும் படிச்சு காட்டினேன். மாலா சொன்ன கேள்விய திங்கக்கிழம கேக்கப்போறா. பேரன் அண்ணே, அந்தக் கரும்பு நிலையத்துல கெமிஸ்ட்ரி படிச்சவங்கள எடுப்பாங்களா?